எர்த்: காருக்குள் அந்தச் சொல் குறிப்பது எதை?

பெங்களூரு ஜே.சி. ரோட்டிலும் சிவாஜிநகரிலும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடைகளில் தமிழ், கன்னடம், உருது எல்லாம் கலந்து ஓடும். எந்த மொழிக்கு மாறினாலும் ‘எர்த்’ மட்டும் மாறாது. சிலர் வாயில் ‘அர்த்’ ஆகும், அவ்வளவுதான். சிக்கல் என்னவென்றால், இந்த ஒரே சொல்லை நேரெதிரான இரண்டு கோளாறுகளுக்கும் சொல்கிறார்கள்.

‘எர்த் கிடைக்கல’ என்றால் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி அறுந்திருக்கிறது, அல்லது துருவால் அடைபட்டிருக்கிறது. விளக்கு மங்கும், ஸ்டார்ட்டர் இழுக்காது, ஆனால் ஃபியூஸ் போகாது. ‘எர்த் ஆகுது’ என்றால் பாசிட்டிவ் ஒயரின் உறை தேய்ந்தோ, பேஸ்மென்ட் பார்க்கிங்கில் எலி கடித்தோ செம்பு நேராக பாடியைத் தொடுகிறது. உடனே ஃபியூஸ் போகும். ஃபியூஸ் இல்லாத தடமாக இருந்தால் ஒயரே எரியும். முன்னதில் இணைப்பு போதவில்லை, பின்னதில் இருக்கக் கூடாத இடத்தில் இணைப்பு. பில்லில் வெறுமனே ‘எர்த் பிராப்ளம்’ என்று எழுதியிருந்தால் எது என்று கேட்டுவிடுங்கள். தேட வேண்டிய இடமே வேறு.

சொல் தந்தியிலிருந்து வந்தது. 1838இல் ஜெர்மனியின் ஸ்டைன்ஹைல், தந்திக்குப் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி என்று இரண்டு தேவையில்லை, திரும்பும் வழியாக நிலத்தையே பயன்படுத்தலாம் என்று காட்டினார். பாதிக் கம்பி மிச்சம். காரிலும் நடந்தது இதே சிக்கனம்தான். ஒவ்வொரு பல்புக்கும் இரண்டு ஒயர் இழுக்காமல் ஒன்றை மட்டும் இழுத்து, திரும்பும் வேலையை இரும்பு பாடியிடம் விட்டார்கள். ரப்பர் டயர் மேல் நிற்கும் வண்டிக்கும் மண்ணுக்கும் இதில் எந்தத் தொடர்பும் இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பிரிட்டிஷார் எர்த் என்றார்கள், அமெரிக்கர்கள் கிரவுண்ட் என்றார்கள். ஜெர்மானியர் ‘மாஸ்ஸே’ என்று உலோகத் திரளைக் குறிக்கும் சொல்லை வைத்துக்கொண்டார்கள். ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் ஒயரிங் படங்களில் 31 என்ற எண் வந்தால் அது இதுதான். 30 பேட்டரி பாசிட்டிவ், 15 சாவி போட்டால் வரும் சப்ளை.

எர்த் என்றால் நெகட்டிவ் என்பதும் கட்டாயமில்லை. 1960கள் வரை பல பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ்தான் பாடியோடு இணைந்திருந்தது. பழைய வண்டியைப் புதுப்பிப்பவர் இதைப் பார்க்காமல், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை மாட்டினால் அதன் டயோடுகள் அந்த நொடியே போய்விடும்.

தமிழில் பாடநூல்கள் தரும் சொல் ‘புவித்தொடுப்பு’. வீட்டு மின்சாரத்துக்கு இது கச்சிதம்: அங்கே கம்பி உண்மையிலேயே மண்ணுக்குள் போகிறது, ஆள் உயிரைக் காக்கிறது, சாதாரண நேரத்தில் அதில் மின்சாரம் ஓடுவதில்லை. காரில் மூன்றுமே பொருந்தாது. ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரம் முழுவதும் எர்த் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். ‘தரையிணைப்பு’, ‘நில இணைப்பு’ என்பவற்றுக்கும் இதே குறைதான். காருக்கு ‘உடல் மீள்வழி’ என்பதே சரியாக இருக்கும் என்பது என் கட்சி. பாடி என்பதும் அதில் இருக்கிறது, திரும்பும் வழி என்பதும் இருக்கிறது. கடையில் போய் இதைச் சொல்ல வேண்டியதில்லை. ‘பாடி எர்த்’ என்றாலே புரியும். மனதில் மீள்வழி என்று வைத்துக்கொண்டால் கோளாறு தேடுவது எளிது.

ஏனென்றால் அப்போதுதான் இன்ஜினின் தனி நிலைமை தெரியும். இன்ஜின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருக்கிறது, பாடியோடு அதற்கு நேரடி உலோகத் தொடர்பு இல்லை. இழைகளாலான தடித்த எர்த் ஸ்ட்ராப்தான் (இணைப்புப் பட்டை) பாலம். அது அறுந்தால் ஸ்டார்ட்டரின் மின்சாரம் ஆக்ஸிலேட்டர் கேபிள், கியர் கேபிள் என்று கிடைத்த வழியில் எல்லாம் திரும்பப் பார்க்கும். ஸ்டார்ட் செய்யும்போது கேபிள் சுடுகிறது என்றால் கேபிளை மாற்றாதீர்கள், ஸ்ட்ராப்பைப் பாருங்கள்.

சோதிக்க ஓம்ஸ் அளப்பது வீண். முப்பது இழையில் ஒரே இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் ‘நல்லா இருக்கு’ என்றே சொல்லும். 150 ஆம்பியர் ஓடும் தடத்தில் 0.01 ஓம் மின்தடை 1.5 வோல்ட்டைத் தின்றுவிடும். சாதாரண மீட்டரின் ஒயருக்கே அதைவிட அதிக மின்தடை உண்டு. எனவே லோடு ஓடும்போது வோல்ட் இழப்பை அளக்க வேண்டும். இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடாமல் இருக்க ஃபியூயல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, மீட்டரை டி.சி. 2 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவ் ஈய முனையிலேயே, அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பில் அல்ல. சிவப்பு முனை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்தில். ஒருவர் சாவியைத் திருப்பி நாலைந்து வினாடி கிராங்க் செய்யட்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 0.5ஐத் தாண்டினால் கட்டாயம் வேலை இருக்கிறது. அடுத்து சிவப்பை ஸ்ட்ராப்பின் இரு முனைகளிலும் கிளாம்பிலும் மாற்றி மாற்றி வைத்தால் எந்த மூட்டு என்பது தெரிந்துவிடும். மீட்டர் இல்லையா? ஜம்பர் கேபிளை பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜினுக்குப் போட்டுப் பாருங்கள். கிராங்க் வேகம் பிடித்தால் குற்றவாளி எர்த்தான்.

டிக்கி பக்கம் வேறு வேடிக்கை. பிரேக் மிதித்தால் டெயில் லைட்டும் சேர்ந்து மங்கலாக எரிகிறது, இண்டிகேட்டர் போட்டால் பக்கத்து பல்ப் துடிக்கிறது என்றால் பின் விளக்குத் தொகுதியின் எர்த் போயிருக்கிறது. நேர்வழி அடைபட்ட மின்சாரம் இன்னொரு ஃபிலமென்ட் வழியாகத் திரும்புகிறது. பல்ப் மாற்றிப் பயனில்லை.

சரிசெய்யும்போது முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். பாசிட்டிவை முதலில் தொட்டால், 10 நம்பர் ஸ்பேனர் பாடியில் உரசியதும் வெல்டிங் பொறிதான். ஏர்பேக் உள்ள வண்டியில் கழற்றியபின் சில நிமிடம் காத்திருங்கள். எர்த் போல்ட்டைக் கழற்றி, லக் (கேபிள் நுனியில் உள்ள துளையிட்ட உலோக முனை) உட்காரும் அளவுக்கு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை எமரி தாளால் தேயுங்கள், லக்கின் அடிப்பக்கத்தையும்தான். பல் வாஷர் போட்டு இறுக்குங்கள். எம்6 போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும், மீறினால் உள்ளே வெல்ட் செய்த நட் பெயர்ந்து சுற்றும். வாஸ்லினோ கிரீஸோ இறுக்கிய பிறகு மேலே தடவ வேண்டியது. தகட்டில் புதிதாக ஓட்டை போட்டு ஸ்குரூ அடிப்பது வேண்டவே வேண்டாம். மெல்லிய தகட்டில் ஓரிரு புரிதான் பிடிக்கும், அதிர்வில் தளரும்.

புது கேபிள் பழையதைவிட மெலிந்திருக்கக் கூடாது. லக்கை கிரிம்ப் செய்யுங்கள், அதாவது கருவியால் நசுக்கிப் பிடிக்க வையுங்கள். ஈயம் வைத்தால் அது இழைகளுக்குள் ஏறி விறைத்து, அந்த விளிம்பில் அதிர்வால் ஒடியும். உறைக்குள் செம்பு கறுத்திருந்தால் பளபளப்பு வரும்வரை வெட்டித் தள்ளுங்கள். நீளம் போதவில்லையென்றால் கேபிளையே மாற்றுங்கள்.

டிங்கரிங், பெயின்டிங் முடிந்து வந்த வண்டியில் புதிதாக மின்கோளாறு முளைத்தால் முதல் சந்தேகம் எர்த் பாயின்ட் மேல் விழுந்த பெயின்ட் மீது. அதே பட்டறையில் வெல்டிங் கிளாம்புக்கும் பெயர் எர்த். அதை வெல்டு செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். தூரத்தில் மாட்டினால் வெல்டிங் மின்சாரம் பேரிங், ஈ.சி.எம். (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) எர்த் வழியாகப் போகும். அதற்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றியிருக்க வேண்டும்.

வண்டி நின்றதும் இன்ஜினைத் தானே அணைக்கும் ஸ்டார்ட்-ஸ்டாப் வந்த கார்களில் பல, நெகட்டிவ் கிளாம்பிலேயே சிறு சென்சார் வைத்து, பேட்டரிக்குள் போய்வரும் மின்சாரத்தை எண்ணுகின்றன. கூடுதல் எர்த்தையோ ஆம்ப்ளிஃபயரின் எர்த் ஒயரையோ நேராக பேட்டரி நெகட்டிவ் முனையில் மாட்டினால் அந்த மின்சாரம் சென்சார் கணக்கில் வராது. சார்ஜிங் கணிப்பு பிசகும். அத்தகைய வண்டியில் சென்சாருக்கு அப்பால், பாடி பக்க எர்த் போல்ட்டில்தான் மாட்ட வேண்டும்.