முதல் ஹெலிகாப்டருக்கு ஏன் இரண்டு அடுக்கு இறக்கை?

கோடை விடுமுறையில் சேலத்துக் கடையில் இரண்டு அடுக்கு இறக்கை கொண்ட ரிமோட் ஹெலிகாப்டர் பொம்மை ஒன்றை வாங்கிக்கொண்டு நேராக ஏற்காடு ஏறும் குடும்பத்திடம் ஒரு வேண்டுகோள்: அதை ஏரிக்கரையில் பறக்கவிடாதீர்கள். மலைக்காற்றில் அது எழும்பிய வேகத்திலேயே தள்ளப்பட்டு, சில்வர் ஓக் மரத்திலோ தண்ணீரிலோ போய் விழும். பிள்ளை அழும். பொருள் மட்டம் என்று தோன்றும். உண்மையில் அந்த ஹெலிகாப்டரில் ஒரு குறையும் இருக்காது. புதிதாகப் பழகுபவருக்கு எது நல்லதோ, அதுவே காற்றில் அதன் பலவீனம். எதை வாங்குவது என்பதையும் எங்கே பறக்கவிடுவது என்பதையும் இந்த ஓர் உண்மையிலிருந்தே தீர்மானிக்கலாம்.

ஹெலிகாப்டரின் மோட்டார் இறக்கையை ஒரு பக்கம் சுழற்றும்போது, உடல் எதிர்ப்பக்கம் சுழலப் பார்க்கும். நியூட்டனின் மூன்றாம் விதி இது. 1939-இல் இகோர் சிகோர்ஸ்கி எழுப்பிய விஎஸ்-300 ஹெலிகாப்டரில், வாலில் செங்குத்தாக நிற்கும் சிறிய விசிறி அந்த முறுக்குவிசையைத் தடுத்தது. இன்று பறக்கும் பெரும்பாலான ஹெலிகாப்டர்கள் அந்த வழியில்தான் வந்தவை. இதில் சிக்கல், தலை இறக்கையின் வேகம் மாறும்போதெல்லாம் வால் விசிறியும் மாற வேண்டும் என்பது. வால் விசிறி பக்கவாட்டில் தள்ளுவதால், அதற்கு ஈடாக உடலைச் சற்றுச் சாய்த்தும் பிடிக்க வேண்டும். பழகாத விரல்களுக்கு இத்தனையும் ஒரே நேரத்தில் வராது.

இன்னொரு வழி, ஒரே அச்சில் மேலும் கீழுமாக இரண்டு சுழலிகளை, அதாவது சுழலும் இறக்கைத் தொகுதிகளை, வைத்து எதிரெதிர்த் திசையில் சுழற்றுவது. ஒன்றின் முறுக்கை மற்றது அழித்துவிடுகிறது. ரஷ்யாவின் காமோவ் ஹெலிகாப்டர்களிலும், 2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாய்க் கோளில் பறந்த நாசாவின் இன்ஜெனுயிட்டியிலும் இதே அமைப்புதான். பொம்மையில் இரண்டு சுழலிகளுக்கும் தனித்தனி மோட்டார் உண்டு. ஒன்றைச் சற்று வேகப்படுத்தி மற்றதைக் குறைத்தால், உயரம் மாறாமலே உடல் திரும்பும். வாலைப் பற்றிய கவலையே இல்லை.

இதன் உச்சியில், இரு முனையிலும் எடை வைத்த ஒரு தண்டு குறுக்காகச் சுழல்வதைப் பார்க்கலாம். பலர் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். ஹெலிகாப்டரின் உயிரே அங்கேதான் இருக்கிறது. சுழலும் பம்பரம் தட்டினாலும் விழாமல் நிற்பதைப் போல, அந்தத் தண்டும் தன் தளத்தை விட்டுக்கொடுக்காது. உடல் சாய்ந்தாலும் தண்டு மட்டமாகவே சுழல, அதோடு இணைந்த சிறு கம்பிகள் மேல் இறக்கையின் கோணத்தை மாற்றி உடலை நிமிர்த்திவிடுகின்றன. ரிமோட்டிலிருந்து கையை எடுத்தாலும் கவிழாது. முதல் ஹெலிகாப்டருக்கு இதைவிடப் பெரிய தகுதி வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

காற்றில் தள்ளப்படுவதற்கான காரணமும் இதுவே. முன்னால் போக ஹெலிகாப்டர் முன்னால் சாய வேண்டும். சாயவிடாமல் தடுப்பதுதான் தண்டின் வேலை. மூன்று சேனல் பொம்மையில், அதாவது ஏறி இறங்குவது, திரும்புவது, முன்பின் நகர்வது என்ற மூன்று கட்டளைகளை மட்டும் ஏற்கும் பொம்மையில், வாலில் படுத்திருக்கும் சிறு விசிறி, வாலைத் தூக்கி மூக்கை லேசாகத் தாழ்த்துகிறது. கிடைக்கும் வேகம் மெதுவான நடை அளவுதான். பக்கவாட்டில் நகரவோ வழியே இல்லை. மின்விசிறிக் காற்றே அதை இழுத்துப் போய்விடும் என்னும்போது, ஏரிக்கரைக் காற்றை எப்படி எதிர்க்கும்?

உயரமும் கொஞ்சம் கணக்கில் வருகிறது. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரில். அங்கே காற்றழுத்தம் சேலத்தைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. குளிர்ச்சி காற்றைச் சற்று அடர்த்தியாக்கி அதில் ஒரு பகுதியை ஈடுகட்டுகிறது. மீதிக்கு இறக்கை கூடுதல் வேகத்தில் சுழல வேண்டும். பேட்டரியும் கொஞ்சம் சீக்கிரம் தீரும். செவ்வாயின் காற்று பூமியின் காற்றில் நூற்றில் ஒரு பங்கு அடர்த்திதான் என்பதால், 1.8 கிலோ எடையுள்ள இன்ஜெனுயிட்டிக்கு முனைக்கு முனை 1.2 மீட்டர் நீளமுள்ள இறக்கைகளும் நிமிடத்திற்கு 2,400 சுற்று அளவிலான வேகமும் தேவைப்பட்டன. ஏற்காட்டில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. அங்கே தடை காற்றின் வேகம்தான்.

கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ரிமோட் எந்த வகை என்பது. விலை குறைந்தவற்றில் டி.வி. ரிமோட்டில் உள்ள அதே அகச்சிவப்புக் கதிர்தான் இருக்கும். வெயிலிலும் அகச்சிவப்பு நிறைந்திருப்பதால், பகலில் மொட்டை மாடியில் ரிமோட்டின் கட்டளை அதில் மூழ்கிவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ரிமோட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. வீட்டுக்குள் மட்டும் என்றால் அகச்சிவப்பே போதும். கூடுதல் பணத்தை உதிரி இறக்கைகளுக்குச் செலவிடுங்கள். உதிரி பாகம் தராத கடையில் வாங்க வேண்டாம். ஆறு சேனல் ஹெலிகாப்டரைப் பத்து வயதுப் பிள்ளைக்கு யார் பரிந்துரைத்தாலும் மறுத்துவிடுங்கள். வேகமாகச் சுழலும் அந்த இறக்கை தோலைக் கிழிக்கும்.

கூடத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஹெலிகாப்டரின் வால் நம்மைப் பார்க்கும்படி வைத்துத் தொடங்குங்கள். பயந்து தரையை ஒட்டியே வைத்திருப்பதுதான் பலர் செய்யும் தவறு. அங்கே இறக்கை தள்ளும் காற்று தரையில் பட்டுக் கலைந்து, ஹெலிகாப்டரை அலைக்கழிக்கும். இடுப்பு உயரத்துக்கு ஏறினால் அமைதியாகும். தானாகவே ஒரு பக்கம் சுழன்றுகொண்டிருந்தால், ட்ரிம் பொத்தானைச் சிறிது சிறிதாக எதிர்ப்பக்கம் நகர்த்தினால் போதும்.

உள்ளே இருப்பது 3.7 வோல்ட் லித்தியம் பாலிமர் பேட்டரி. பறப்பது சில நிமிடங்களே. சார்ஜ் ஏற அதைப்போலப் பல மடங்கு நேரமாகும். பறந்து முடித்ததும் சூடு ஆறிய பிறகே சார்ஜில் போடுங்கள், ஆள் இல்லாத அறையில் விட்டுப் போகாதீர்கள். உப்பிப்போன பேட்டரியை மறுபடி பயன்படுத்தவே கூடாது.

மூக்கு நம்மைப் பார்த்திருக்கும்போது இடமும் வலமும் மாறிவிடும். அந்த நிலையிலும் ஹெலிகாப்டரைத் தடுமாறாமல் ஓரிடத்தில் நிறுத்தப் பிள்ளைக்கு வந்துவிட்டால், கைரோ (உடல் திரும்புவதை உணர்ந்து தானாகச் சரிசெய்ய உதவும் கருவி) பொருத்திய நான்கு சேனல் ஒற்றைச் சுழலி ஹெலிகாப்டரை நம்பி வாங்கித் தரலாம்.