ஸ்பீட் டயலில் பின் நம்பரைப் போட்டு வைத்திருக்கிறீர்களா?

இபிஏபிஎக்ஸ் (ஆபீஸ் போன்களை இணைக்கும் உள் எக்ஸ்சேஞ்ச் மெஷின்) சர்வீஸுக்குப் போகும் இடங்களில் அடிக்கடி வரும் புகார் இது: "கையால் அடித்தால் கால் போகுது, ஸ்பீட் டயலில் போட்டால் ராங் நம்பர் போகுது." பெரும்பாலும் மெஷினில் கோளாறே இருக்காது. நாம் வெளி லைனுக்கு 0 அழுத்திவிட்டு டயல் டோன் கேட்கும்வரை பொறுத்திருப்போம். பழைய மெஷின்கள் பல பொறுக்காது. வெளி லைன் கிடைப்பதற்குள் மீதி இலக்கங்களையும் மளமளவென்று தள்ளிவிடும். முதல் ஒன்றிரண்டு இலக்கம் அங்கேயே காலி. 0-க்கு அடுத்து ஒரு பாஸ் (pause, சின்ன இடைவெளி) சேர்த்துப் பதிந்தால் சரியாகிவிடும்.

2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்குப் பேச முன்னால் 0 சேர்க்க வேண்டும். ஆக, வெளி லைனுக்கு 0, பாஸ், மறுபடியும் 0, அப்புறம் பத்து இலக்கம். அதற்கு முன் பதிந்த பட்டியலை இதுவரை திருத்தாதவர்கள் இப்போதாவது பாருங்கள்.

என்னைப் பயமுறுத்துவது வேறொன்று. வங்கிக்குப் போன் போட்டு, மொழிக்கு ஒரு எண், கணக்குக்கு ஒரு எண் என்று அழுத்த அலுத்துப்போய், நடுநடுவே பாஸ் வைத்து எல்லாவற்றையும் ஒரே பட்டனில் அடக்கிவிடுகிறார்கள். அதுவரை கெட்டிக்காரத்தனம்தான். கடைசியில் டெலிபேங்கிங் பின்னையும் சேர்த்துவிடுகிறார்களே, அங்கேதான் வினை. எல்லோருக்கும் பொதுவான ஸ்பீட் டயல் பட்டியலில் பதிந்ததை ஆபீஸின் எந்த எக்ஸ்டென்ஷனிலிருந்தும் (உள் போனிலிருந்தும்) அழைக்கலாம். டிஸ்ப்ளே உள்ள போனில் இலக்கங்கள் வரிசையாக ஓடும். போன கால்களின் ரிப்போர்ட்டிலும் அவை அப்படியே பதிவாகலாம்; அந்தத் தாள் யார் மேஜையில் கிடக்கிறதோ!

இன்னொன்று. சில மாடல்களில் எஸ்டிடி பூட்டிய எக்ஸ்டென்ஷனிலிருந்தும் பொது ஸ்பீட் டயல் எண்கள் போகும்படி செட் செய்யலாம். இரவில் வாட்ச்மேன் முதலாளியைக் கூப்பிட வேண்டுமென்றால் இது நல்ல வசதி. ஆனால் அதே பட்டியலில் வெளிநாட்டு எண் இருந்தால் அதற்கும் கதவு திறந்துதான் இருக்கும்.

கிளை எண், மெனுத் தேர்வு வரைக்கும் பதியுங்கள். பின்னைக் கையால் அடியுங்கள். ஏற்கெனவே பதிந்திருந்தால் அழித்தால் மட்டும் போதாது. பழைய ரிப்போர்ட்டிலும் புரோகிராம் பேக்கப்பிலும் அது இருக்கக்கூடும். அதனால் வங்கியில் பின்னையே மாற்றிவிடுங்கள்.