@ குறிக்கு வலப்பக்கம் யார் பெயர்?

தொழிலுக்கு ஜிமெயில் முகவரி வைத்துக்கொண்டால் வாடிக்கையாளர் மதிப்பாரா என்ற கேள்வியைப் பலரும் கௌரவப் பிரச்சினையாகவே பேசுகிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் மனிதர் கண்ணில் படுவதற்கு முன்பே மெயிலை ஒரு சர்வர், அதாவது மெயில்களை வாங்கிக் கொடுக்கும் கணினி, படித்துவிடுகிறது. விசிட்டிங் கார்டின் அழகு அதற்குத் தெரியாது. @ குறிக்கு வலப்பக்கம் இருக்கும் டொமைன்தான் (gmail.com போன்ற பெயர்) இந்த மெயிலை அனுப்பியதா என்று பார்க்கிறது. விவாதத்தை அங்கிருந்து தொடங்குவதுதான் சரி.

1971-இல் கணினிகளுக்கிடையே மெயில் அனுப்ப வழி செய்த பொறியாளர் ரே டாம்லின்சன் @ குறியைத் தேர்ந்தெடுத்தபோது இடப்பக்கம் ஆளின் பெயர், வலப்பக்கம் அவர் பயன்படுத்தும் கணினியின் பெயர். பின்னால் கணினியின் இடத்தில் டொமைன் வந்தது. இலவச முகவரியில் இடப்பக்கம் மட்டும்தான் உங்களுடையது. அதுவும் உங்களுக்கு முன்னால் வேறு யாரும் எடுக்காமல் இருந்தால்.

மெயில் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முறையை கணினி விஞ்ஞானி ஜான் போஸ்டல் 1982-இல் எழுதி வைத்தார். எஸ்எம்டிபி என்று பெயர். இன்றும் அடிப்படை அதுதான். அனுப்பும் சர்வர் 'மெயில் ஃப்ரம்' என்று சொல்லி ஒரு முகவரி தரும். பெறும் சர்வர் '250 ஓகே' என்று பதில் சொல்லும். அடுத்து 'ஆர்சிபிடி டு' என்று பெறுநரின் முகவரி, அதற்கும் ஒரு 250. அப்புறம் 'டேட்டா' என்று சொல்லிவிட்டு முழு மெயிலும் இறங்கும். அந்த மெயிலுக்குள் 'ஃப்ரம்' என்று தனியாக இன்னொரு வரி இருக்கும். நாம் திரையில் பார்ப்பது இந்த இரண்டாவது முகவரியைத்தான். தபால் உறையின் மேல் ஒரு பெயரும் உள்ளே கடிதத்தில் வேறு பெயரும் எழுத முடிவது போல, இந்த இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எஸ்எம்டிபியில் கிடையாது. எழுதியவர் யாரென்று அது கேட்பதே இல்லை. ஒருவரையொருவர் தெரிந்த சில ஆயிரம் பேர் பயன்படுத்திய வலையில் கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

தேவை வந்தபோது மூன்று ஒட்டுகள் போட்டார்கள். முதலாவது எஸ்பிஎஃப்: 'எங்கள் பெயரில் மெயில் அனுப்ப இந்தச் சர்வர்களுக்கு மட்டுமே அனுமதி' என்று டொமைன்காரர் தன் டிஎன்எஸ் பதிவில் (டொமைனைப் பற்றிய விவரங்களை யாரும் பார்க்கும்படி வைத்திருக்கும் பொதுப் பதிவு) எழுதி வைக்கும் பட்டியல். இரண்டாவது டிகிம்: அனுப்பும் சர்வர் மெயிலின் உள்ளடக்கத்துக்கும் முக்கியமான தலைப்பு வரிகளுக்கும் ரகசியச் சாவியால் கையொப்பம் போடும். அதற்கு இணையான பொதுச் சாவி டிஎன்எஸ்ஸில் இருப்பதால் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். மெயிலில் இருக்கும் பில் தொகையை வழியில் யாராவது மாற்றினால் கையொப்பம் பொருந்தாது. இரண்டிலும் ஒரு ஓட்டை உண்டு. எஸ்பிஎஃப் சோதிப்பது நாம் பார்க்காத 'மெயில் ஃப்ரம்' முகவரியை. டிகிம் கையொப்பமோ எந்த டொமைனின் பெயரிலும் இருக்கலாம். அந்த ஓட்டையை அடைப்பது டிமார்க். இரண்டில் ஒன்றாவது தேற வேண்டும், தேறிய டொமைன் திரையில் தெரியும் ஃப்ரம் டொமைனோடு ஒத்துப்போகவும் வேண்டும் என்கிறது அது. ஒத்துப்போகாத மெயிலை என்ன செய்வது என்பதையும் டொமைன்காரரே சொல்லலாம்: விட்டுவிடு, ஸ்பேமில் போடு, திருப்பி அனுப்பு.

இதை நீங்களே பார்க்கலாம். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, ஏதாவது ஒரு மெயிலின் மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்தினால், மேலேயே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றின் முடிவும் 'பாஸ்' அல்லது 'ஃபெயில்' என்று வரிசையாக இருக்கும்.

இப்போது இலவச முகவரிக்கு வருவோம். ஜிமெயில் தளத்திலிருந்தே அனுப்பிய சாதாரண மெயில் மூன்றிலும் பாஸ். கூகுள் தன் டொமைனை ஒழுங்காகப் பராமரிக்கிறது, அவ்வளவுதான். இலவச முகவரி என்பதற்காகவே மெயில் ஸ்பேமுக்குப் போய்விடும் என்று பயமுறுத்துபவர்களின் பேச்சில் அதனால் பெரிய சாரமில்லை.

ஆனால் அந்த 'பாஸ்' எதை நிரூபிக்கிறது? இந்த மெயில் ஒரு ஜிமெயில் கணக்கிலிருந்து வந்தது என்பதை மட்டும். அந்தக் கணக்கு உங்கள் நிறுவனத்துடையதா என்பதைப் பற்றி அது வாய் திறக்காது. உங்கள் முகவரியில் புள்ளியை மட்டும் இடம் மாற்றி வேறொருவர் கணக்கு தொடங்க முடியாது. ஜிமெயில் புள்ளிகளைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் கடைசியில் ஓர் எழுத்தோ எண்ணோ சேர்த்துத் தொடங்கலாம். அங்கிருந்து 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, பாக்கியை இதில் போடுங்கள்' என்று மெயில் போனால், அதற்கும் மூன்றிலும் பாஸ். அந்த ஓர் எழுத்தைக் கவனிக்காவிட்டால், உங்கள் வாடிக்கையாளருக்குப் பிரித்தறிய வேறு வழி இல்லை. சொந்த டொமைனிலும் எழுத்து மாற்றி ஏமாற்ற முடியும்தான். ஆனால் அதற்கு ஏமாற்றுபவர் ஒரு டொமைன் வாங்க வேண்டும், அந்தப் பெயரும் கண்ணுக்குக் கொஞ்சம் உறுத்தும். பணம் கைமாறும் தொழிலுக்கு இலவச முகவரி சரிப்படாது என்று நான் சொல்வது இதற்காகத்தான், அழகுக்காக அல்ல.

இன்னொரு சிக்கல், தொழில் கொஞ்சம் வளர்ந்ததும் வரும். பில் போடும் மென்பொருளோ செய்திமடல் சேவையோ உங்கள் பெயரில் மெயில் அனுப்பத் தொடங்கும். ஃப்ரம் வரியில் உங்கள் இலவச முகவரி, அனுப்புவதோ அந்தச் சேவையின் சர்வர். அது யாஹூ முகவரி என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சர்வர் யாஹூவின் பட்டியலிலும் இல்லை, யாஹூவின் சாவியும் அதனிடம் இல்லை. 2014 ஏப்ரலில் யாஹூ தன் டொமைனுக்கு 'ஒத்துப்போகாததைத் திருப்பி அனுப்பு' என்று டிமார்க்கில் அறிவித்தபோது, இப்படி அனுப்பிக்கொண்டிருந்தவர்களின் மெயில்கள் திடீரென்று திரும்பத் தொடங்கின. அதே மாதம் இன்னொரு மெயில் சேவையான ஏஓஎல்லும் அதையே செய்தது. யாஹூவின் பெயரில் போலி மெயில் அனுப்புபவர்களைத் தடுக்கத்தான் அந்த முடிவு. நேர்மையாகத் தொழில் செய்தவர்களும் அதில் மாட்டிக்கொண்டார்கள். டொமைன் தங்களுடையதாக இருந்திருந்தால், சேவையின் சாவியைத் தங்கள் டிஎன்எஸ்ஸில் சேர்த்துச் சரிசெய்திருக்கலாம். 2024 பிப்ரவரியிலிருந்து, ஒரு நாளில் 5,000 மெயில்களுக்கு மேல் ஜிமெயில் பயனர்களுக்கு அனுப்புபவர்கள் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் கட்டாயமாக்கியது. இலவச ஜிமெயிலில் நேரடியாக அனுப்பினாலோ ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் போகாது.

சரி, உடனே டொமைன் வாங்கிவிடலாமா? வாங்கலாம், ஆனால் வாங்கிய அன்றே மதிப்பு வந்துவிடாது. ஸ்பேம் வடிகட்டிகள் ஒவ்வொரு டொமைனின் கடந்தகால நடத்தையையும் பார்க்கின்றன. நேற்றுப் பிறந்த டொமைனுக்குக் கடந்தகாலமே இல்லை. அதிலிருந்து முதல் நாளே ஆயிரக்கணக்கில் மெயில் அனுப்பினால் சந்தேகம் வருவது இயல்பு. அதிலும் மூன்று பதிவுகளும் இல்லாத டொமைன், மெயில் போய்ச் சேரும் விஷயத்தில் இலவச முகவரியைவிட மோசம். பதிவுகளை வைக்கும்போது எஸ்பிஎஃப்பில் இரண்டு தவறுகள் சகஜம்: ஒரே டொமைனுக்கு இரண்டு எஸ்பிஎஃப் பதிவுகள் வைப்பது, பல சேவைகளைச் சேர்த்துக்கொண்டே போய்ப் பத்து டிஎன்எஸ் தேடல்கள் என்ற வரம்பைத் தாண்டுவது. இரண்டிலும் சோதனை பிழையில் முடியும். டிமார்க்கை முதலில் 'விட்டுவிடு' நிலையில் வைத்து, பெறும் சர்வர்கள் உங்களுக்கு அனுப்பும் அறிக்கைகளில் எந்தெந்தச் சர்வர்கள் உங்கள் பெயரில் அனுப்புகின்றன என்று பார்த்துவிட்டு இறுக்குவது நல்லது.

தனியாளாக வேலை செய்பவர், மாதத்தில் சில மெயில்கள் மட்டும் அனுப்புபவர், வாடிக்கையாளர் எல்லாரும் நேரில் தெரிந்தவர்கள் என்றால், சுத்தமான பெயருள்ள இலவச முகவரியே போதும். பிறந்த வருடமும் பட்டப்பெயரும் கலந்த பழைய முகவரி மட்டும் வேண்டாம்.

டொமைன் வாங்கினால் தானியங்கிப் புதுப்பிப்பை மறக்காமல் போட்டுவிடுங்கள். காலாவதியான டொமைனை வேறொருவர் பதிவுசெய்துவிட்டால், உங்கள் முகவரிக்கு வரும் மெயில்கள், பாஸ்வேர்டு மாற்றும் இணைப்புகள் உட்பட, இனி அவருக்குத்தான் போகும். டொமைன் பதிவாளரிடம் தொடர்புக்குக் கொடுக்கும் முகவரியை அதே டொமைனில் வைக்கவும் கூடாது. டொமைன் முடங்கினால் அதைப் பற்றிய எச்சரிக்கையும் வந்து சேராது. அந்த ஒரு வேலைக்கு உங்கள் பழைய ஜிமெயில்தான் சரி.