மடிந்த காதும் மூட்டு வலியும்

பூனைக் கண்காட்சிக்குத் தயாராகும் வீடுகளைப் பார்த்தால் எனக்கு மரியாதைதான் தோன்றும். குளிப்பாட்டி, சிக்கெடுத்து, கண்ணோரத்தைத் துடைத்துத் தாங்கள் சாப்பிடுவதைக்கூட மறந்துவிடுகிறார்கள். அந்த அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. கால்நடை மருத்துவராக என் கவலையெல்லாம் நடுவர்களின் மதிப்பெண்களைப் பற்றியது. எந்த உடலமைப்புக்குப் பரிசு கிடைக்கிறதோ, அந்த உடலமைப்போடுதான் அடுத்த தலைமுறைக் குட்டிகள் பிறக்க வைக்கப்படுகின்றன.

1871 ஜூலையில் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் அரங்கில் ஓவியரும் பூனைப் பிரியருமான ஹாரிசன் வியர் பூனைக் கண்காட்சி நடத்தியது, வெறும் எலி பிடிக்கும் பிராணியாகக் கருதப்பட்ட பூனைக்கு மதிப்புத் தேடித் தரத்தான். நல்ல நோக்கம். ஆனால் விசித்திரமான தோற்றத்தையும் அழகு என்று கொண்டாடும் பழக்கம் பின்னாளில் வளர்ந்துவிட்டது.

ஸ்காட்டிஷ் ஃபோல்ட் இனத்தையே பாருங்கள். 1961இல் ஸ்காட்லாந்தின் கூப்பர் ஆங்கஸ் அருகே ஒரு பண்ணையில், காது முன்பக்கம் மடிந்த சூசி என்ற வெள்ளைப் பூனை கண்ணில் பட்டது. இன்றைய ஸ்காட்டிஷ் ஃபோல்ட் பூனைகள் எல்லாம் அதன் வழிவந்தவை. காது மடிவதற்குக் காரணம் குருத்தெலும்புக் கோளாறு. அது காதோடு நிற்பதில்லை. கால் மூட்டுகளையும் வாலையும் பிடிக்கிறது. கணுக்கால் மூட்டைச் சுற்றி எலும்பு தாறுமாறாக வளர்ந்திருப்பது எக்ஸ்ரேயில் தெரியும். காரணமான மரபணு மாற்றம் 2016இல் கண்டறியப்பட்டது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே காது மடியும். இருவரிடமிருந்தும் வந்தால் குட்டிப் பருவத்திலேயே கால்கள் முடங்கும். பிரிட்டனின் முதன்மைப் பூனைப் பதிவு அமைப்பு 1970களிலேயே இந்த இனத்தைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது. அமெரிக்காவிலோ அதே பத்தாண்டில் சாம்பியன் பட்டத்துக்குப் போட்டியிடும் தகுதி கொடுத்தார்கள். எனக்கு இது இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

“ரொம்பச் சாது டாக்டர், எதன் மேலும் ஏறவே மாட்டான்” என்று இந்தப் பூனையை வளர்ப்பவர்கள் பெருமையோடு சொல்வார்கள். இளம் பூனை தாவாமல் இருந்தால் அதைக் குணம் என்று எண்ணிவிடாதீர்கள். பூனை வலியை மறைக்கும் பிராணி. கத்தாது, நொண்டுவதுகூடத் தெரியாது. மலம், சிறுநீர் கழிக்க வைத்திருக்கும் மணல் தட்டில் ஏறத் தயங்குகிறதா, வாலைத் தொட்டால் சீறுகிறதா, வால் விறைப்பாக இருக்கிறதா, பின்னங்கால்களை நீட்டிச் சாய்ந்தே உட்காருகிறதா என்று கவனியுங்கள். அந்தச் சாய்ந்த கோலத்தைப் படமெடுத்துப் பலரும் ரசிக்கிறார்கள். மூட்டு வலியாலும் பூனை அப்படி உட்காரலாம்.

நம் ஊரில் பரவலாக வளர்க்கப்படும் பெர்ஷியனுக்கு வேறு தொல்லைகள்: தட்டையான முகத்தால் மூச்சுத் திணறல், பரம்பரையாக வரும் சிறுநீரக நீர்க்கட்டி. நீர்க்கட்டி நோய்க்கு மரபணுச் சோதனை உண்டு. குட்டி வாங்குமுன் தாய், தந்தையின் சோதனை முடிவைக் கேட்டு வாங்குங்கள். மடிந்த காதுக் குட்டியை வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதைக் கைவிட வேண்டியதில்லை. உடல் எடை கூடாமல் பாருங்கள். விளிம்பு தாழ்ந்த மணல் தட்டு வையுங்கள், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு படி போடுங்கள். வலிக்கு மருத்துவர் தரும் மருந்தைத் தவிர வேறெதுவும் கூடாது, குறிப்பாகப் பாரசிட்டமால். பூனையின் கல்லீரலால் அதைச் சமாளிக்க முடியாது, ஒரே மாத்திரை உயிரைப் பறித்துவிடும். தெரியாமல் கொடுத்துவிட்டால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குத் தூக்கி வாருங்கள்.