வண்டியில் டவர் எடுக்கலையா? முதலில் கூரையைப் பாருங்க

"வண்டில டவரே எடுக்க மாட்டேங்குதுங்க, போன்ல மட்டும் ஃபுல்லா காட்டுது." கோவையில் கார் எலெக்ட்ரிகல் வேலை பார்க்கிற எனக்கு இப்போதெல்லாம் அடிக்கடி வருகிற புகார் இது. ஸ்டீரியோவை மாற்றணுமா, கம்பெனியில் கேஸ் போடணுமா என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: டவர் இல்லாதது எதில்?

புளூடூத்தில் பேசும்போது குரல் விட்டு விட்டு வருகிறது என்றால் அதில் காருக்குப் பெரும்பாலும் பங்கே இல்லை. அந்தப் போன் கால் போவது உங்கள் கைபேசியின் சிம்மில், கைபேசியின் ஆன்டெனாவில். கார் கொடுப்பது மைக்கும் ஸ்பீக்கரும் மட்டும். கைபேசியை கியர் பக்கத்துப் பள்ளத்தில் போட்டுவிட்டு, சுற்றிலும் தகரம் இருக்கிற இடத்தில் அது மூச்சு முட்டிக்கொண்டிருக்கும்போது ஸ்டீரியோவைத் திட்டி என்ன பயன்? கண்ணாடி ஓரமாக ஸ்டாண்டில் வைத்துப் பாருங்கள், பல பேருக்கு அங்கேயே தீர்ந்துவிடும். சன் ஃபிலிம் ஒட்டின வண்டி என்றால் இன்னொரு சந்தேகமும் உண்டு. வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சு சேர்த்த ஃபிலிம்கள் சிக்னலையும் சேர்த்தே தடுக்கும்.

காருக்குள்ளேயே இருக்கிற சிம் வேறு கதை. வண்டி எங்கே நிற்கிறது என்று ஆப்பில் காட்டுவது, தூரத்திலிருந்தே ஏசி போடுவது, ஆபத்தில் உதவிக்கு அழைக்கிற எஸ்ஓஎஸ் பட்டன் எல்லாம் அதில் ஓடுகிறவை. டேஷ்போர்டுக்குப் பின்னாலோ சீட்டுக்கு அடியிலோ ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் கழற்ற முடியாத இ-சிம், அங்கிருந்து ஒரு ஒயர் கூரை மேலே சுறாத் துடுப்பு மாதிரி இருக்கிற ஷார்க் ஃபின் ஆன்டெனாவுக்குப் போகும். அந்தக் காலத்தில் காரிலேயே பொருத்தியிருந்த கார் போன் 3 வாட் வரை சிக்னல் அனுப்பும், அதே காலத்துக் கைபேசி 0.6 வாட்தான், அதனால் கார் போனுக்கு எட்டுகிற டவர் கைபேசிக்கு எட்டாது. இப்போது அந்த வித்தியாசம் போய்விட்டது. 4ஜியில் கைபேசியும் காரில் இருக்கிற பெட்டியும் அதிகபட்சமாக அனுப்புவது பெரும்பாலும் ஒரே 0.2 வாட். காருக்கு மிச்சமிருக்கிற ஒரே பலம், ஆன்டெனா தகரத்துக்கு வெளியே உயரத்தில் உட்கார்ந்திருப்பதும், கூரைத் தகரமே அதற்கு எர்த் மாதிரி உதவுவதும்தான். அதைக் கெடுத்துவிட்டால் கைபேசியைவிட மோசமாகிவிடும்.

கெடுப்பது யார் என்றால் பெரும்பாலும் நம் ஆட்கள்தான். கூரையில் டிங்கர் வேலை, பெயின்டிங் என்று வண்டி போகும், ரூஃப் லைனிங்கை இறக்கி ஆன்டெனாவைக் கழற்றுவார்கள், திரும்ப மாட்டும்போது கப்ளரை, அதாவது ஒயர் முனையில் இருக்கிற சொருகியை, 'டிக்' என்று சத்தம் கேட்கிற வரை அழுத்தமாட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் மாட்டின மாதிரியே இருக்கும். இந்தக் கப்ளர்களுக்கு நிறம் உண்டு, நிறையக் கார்களில் ஜிபிஎஸ்ஸுக்கு நீலம், சிம்முக்குக் கருஞ்சிவப்பு. இதில் எது விட்டுப்போயிருக்கிறது என்பதை லைனிங்கை இறக்காமலேயே ஓரளவு ஊகிக்கலாம். டிஸ்பிளேயில் வண்டியின் சொந்த மேப் சரியாக நகர்கிறது, ஆனால் ஆப்பில் வண்டி நேற்று நின்ற இடத்திலேயே நிற்கிறது என்றால் ஜிபிஎஸ் ஒயர் நன்றாக இருக்கிறது, சிம் பக்கம்தான் கோளாறு. பாதி மாட்டின கப்ளர் ஊருக்குள் காட்டிக்கொடுக்காது, டவர் பக்கத்திலேயே இருப்பதால் ஒப்பேற்றிவிடும். பைபாஸ் தாண்டி அன்னூர், அவிநாசி பக்கம் வயல்காட்டுக்குள் போனதும் செத்துவிடும். "சிட்டிக்குள்ள நல்லா இருக்குதுங்க" என்று யாராவது சொன்னாலே என் கை கூரைக்குத்தான் போகும்.

தண்ணீரும் ஒரு எதிரி. ஷார்க் ஃபின்னுக்கு அடியில் இருக்கிற ரப்பர் வெயிலில் காய்ந்து வெடித்தபின், வாட்டர் வாஷில் பிரஷர் கன்னை நேராக அங்கே பிடித்தால் உள்ளே இறங்கும். கழற்றிப் பார்த்தால் கப்ளரின் நடு ஊசியில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். அதைச் சுரண்டிவிட்டு அப்படியே மாட்டினால் நிற்காது, ரப்பரையும் ஒயர் முனையையும் மாற்றியே ஆகவேண்டும். சிலர் ஒயர் எட்டவில்லை என்று மெல்லிய ஒயரை ஒட்டுப்போட்டு நீட்டுவார்கள். ஆன்டெனாவுக்குப் போகிற மெல்லிய ஒயரில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 1 டெசிபல் குறையும், அலைவரிசை கூடக்கூட இன்னும் அதிகம். 3 டெசிபல் போனால் சிக்னலில் பாதி போய்விட்டது என்று கணக்கு.

அப்புறம் ஆக்சஸரீஸ் கடை. ஒரிஜினல் ஃபின்னுக்கு மேலே குரோம் மூடி ஒன்றைக் கவிழ்த்து ஒட்டுகிறார்கள். குரோம் பூச்சு என்பது உலோகம், ஆன்டெனாவுக்குத் தொப்பி போட்டு மூடின மாதிரிதான். நிஜக் கார்பன் ஃபைபரும் மின்சாரம் கடத்தும், அதையும் ஃபின் மேல் போடாதீர்கள். கார்பன் டிசைன் அச்சடித்த சாதா வினைல் ஸ்டிக்கர் வெறும் பிளாஸ்டிக், அது பரவாயில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் டவர் இல்லை என்றால், வண்டிக்குள் இருக்கிற சிம் எந்தக் கம்பெனியுடையது என்று கேளுங்கள். அதைத் தேர்ந்தெடுப்பது கார் கம்பெனி, நீங்கள் இல்லை. உங்கள் பையில் ஜியோ, வண்டியில் ஏர்டெல் என்றால் இரண்டையும் ஒப்பிட்டுச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. அந்தச் சிம் சேவைக்கான இலவசச் சந்தா முடிந்துபோனதையும் பலர் டவர் கோளாறு என்று நினைத்து வண்டியைக் கொண்டுவருகிறார்கள். நெட்வொர்க்கே மூடிப்போவதும் உண்டு. அமெரிக்காவில் 2008 பிப்ரவரியில் பழைய அனலாக் மொபைல் சேவையை நிறுத்த அனுமதி வந்தபோதும், 2022-ல் 3ஜியை மூடியபோதும், ஓடுகிற நிலையில் இருந்த கார்களில் உள்ளே இருந்த போன் மட்டும் ஊமையானது. வண்டி பதினைந்து வருஷம் ஓடும், நெட்வொர்க் அவ்வளவு நாள் காத்திருக்காது. செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது உள்ளே இருக்கிற பெட்டி 4ஜி எடுக்குமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வால்பாறை ஏறும்போதும் திம்பம் ஏறும்போதும் சில கொண்டை ஊசி வளைவுகளில் யாருக்கும் எதுவும் கிடைக்காது, அங்கே எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. எஸ்ஓஎஸ் பட்டனும் அதே சிம்மை நம்பித்தான் இருக்கிறது என்பதை மலை ஏறுகிறவர்கள் மனதில் வையுங்கள். உங்கள் சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும் கைபேசியிலிருந்து 112 அழைத்துப் பாருங்கள், வேறு கம்பெனி டவர் ஏதாவது எட்டினால் அது வழியாகப் போக வாய்ப்பு உண்டு. ஆன்லைனில் விற்கிற சிக்னல் பூஸ்டர் வாங்கி மாட்டச் சொல்லி என்னிடம் வராதீர்கள். அனுமதி இல்லாமல் அதை வைப்பது நம் நாட்டில் குற்றம், பக்கத்தில் இருக்கிறவர்களின் டவரையும் அது கெடுக்கும்.

சர்வீஸ் சென்டரில் "பெட்டியையே மாத்தணும்" என்று பெரிய எஸ்டிமேட் கொடுத்தால் உடனே தலையாட்டாதீர்கள். ஸ்கேனர் போட்டு ஆன்டெனா லைனில் 'ஓப்பன்' (இணைப்பு விட்டுப்போனது) என்றோ 'ஷார்ட்' (ஒயர் தொடக்கூடாத இடத்தில் தொடுவது) என்றோ ஃபால்ட் கோட் வருகிறதா என்று உங்கள் எதிரிலேயே பார்க்கச் சொல்லுங்கள். வந்தால் கோளாறு அனேகமாக ஒயரிலோ கப்ளரிலோ ஃபின்னிலோ இருக்கும், பெட்டியில் இல்லை. கோட் எதுவும் வராவிட்டாலும், நன்றாக இருக்கிற வேறொரு ஆன்டெனாவை வெளியே வைத்து நேராகப் பெட்டியில் சொருகிப் பார்க்கச் சொல்லுங்கள். அதிலும் டவர் வரவில்லை, சந்தாவும் உயிரோடு இருக்கிறது என்றால் அப்புறம் எஸ்டிமேட்டைப் பற்றிப் பேசலாம்.