பிறந்த பிள்ளையின் பாதம் உள்ளே திரும்பியிருந்தால்

குதி மேலே ஏறி, முன்பாதம் உள்ளே மடங்கி ஒரு பிள்ளை பிறந்துவிட்டால், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் முதலில் விசாரிப்பது கிரகணத்தைத்தான். அன்றைக்குத் தாய் கத்தி எடுத்தாளா, காய் நறுக்கினாளா என்று. பாவம், பச்சை உடம்புக்காரி பதில் சொல்லியே களைத்துப்போவாள். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வளைபாதம் என்கிற இந்தக் குறை உலகக் கணக்கில் ஏறக்குறைய 1,000 பிள்ளைகளில் ஒன்றுக்கு வருகிறது. ஆண் பிள்ளைகளுக்கு 2 மடங்கு அதிகம்; பாதிப் பேருக்கு இரண்டு காலிலும் இருக்கும். இலங்கையில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கு மேல் பிள்ளைகள் பிறக்கின்றன, கணக்குப் போட்டுப் பாருங்கள்.

திரும்பிய பாதம் எல்லாம் வளைபாதம் இல்லை. விரலால் மெல்லத் தள்ளினால் நேராக வருகிறதா? வயிற்றுக்குள் மடங்கிக் கிடந்த வாட்டமாக இருக்கலாம், பெரும்பாலும் தானே சரியாகும். விறைப்பாக நின்றால் எண்ணெய் போட்டு உருவி நிமிர்த்த முடியாது. எப்படியிருந்தாலும் வீட்டுக்கு வரும் மிட்வைஃபிடம் பிள்ளையின் காலை அவிழ்த்துக் காட்டுங்கள். தோட்ட டிஸ்பென்சரியிலோ ஆஸ்பத்திரியிலோ துண்டு எழுதி வாங்கி, எலும்பு கிளினிக்குக்குப் போக வேண்டும். கண்டி, பதுளை போன்ற பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இந்தக் கிளினிக் உண்டு. பேராதனையில் சிறுவர் ஆஸ்பத்திரியே இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்.

வைத்தியம் பொன்செட்டி முறை. வாரம் ஒரு தடவை காலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, தொடை வரை மாவுக்கட்டு போடுவார்கள். பெரும்பாலும் 5 முதல் 7 கட்டு. பிறகு பல பிள்ளைகளுக்குக் குதிகாலின் பின்னால் இருக்கும் தசைநாரில் சின்னதாக ஒரு வெட்டு. கட்டோடு வீட்டுக்கு வந்ததும் விரல் நுனியை அழுத்திப் பாருங்கள்: வெளுத்து, உடனே சிவக்க வேண்டும். நீலம் பூத்தாலோ, விரல்கள் கட்டுக்குள் இழுபட்டுப் போனாலோ அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது. மலையகக் குளிரில் விரல் சில்லென்றுதான் இருக்கும். அதனால் நிறத்தைப் பாருங்கள்.

இனி பேர், அதாவது நாள் சம்பள விஷயம். வாரா வாரம் கிளினிக் என்றால் ஒரு நாள் பேர் போகுமே என்றுதான் பல தாய்மார் தள்ளிப்போடுகிறார்கள். பிரசவ நன்மைகள் சட்டப்படி தோட்டத் தொழிலாளிக்கும் 84 நாள் விடுமுறை உண்டு. முன்பு மூன்றாம் பிள்ளையிலிருந்து 42 நாள்தான். 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளைக்கும் 84. பிள்ளை பிறந்த முதல் இரண்டு வாரத்திலேயே கட்டைத் தொடங்கினால், மாவுக்கட்டுக் காலத்தின் பெரும்பகுதி அந்த விடுமுறைக்குள் அடங்கிவிடும். இதை யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை.

கட்டு கழன்றதும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. நடுவில் கம்பி வைத்து இணைத்த ஒரு சோடி சப்பாத்தை முதல் 3 மாதம் நாளுக்கு 23 மணித்தியாலம், பிறகு 4, 5 வயது வரை தூங்கும்போது போட வேண்டும். அதை எங்கே வாங்குவது, செலவு உண்டா என்று கட்டு போடும் நாட்களிலேயே கேட்டுவிடுங்கள். வேலைக்குத் திரும்பினதும் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு இடத்தில்) இருப்பவருக்குச் சப்பாத்து மாட்டக் காட்டிக்கொடுங்கள்; இல்லாவிட்டால் அழுகிறதே என்று அவர் கழற்றிவிடுவார். பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை பால் கொடுக்கச் சட்டப்படி கிடைக்கும் இரண்டு இடைவேளையிலும் போய்ப் பார்க்கலாம்.

சப்பாத்தை இடையில் விட்டால் பாதம் திரும்பவும் வளையும். அப்படி வளைந்தாலும் மறுபடி கட்டு போட்டுத் திருத்தலாம். ஏச்சு விழும் என்று பயந்து வீட்டில் இருந்துவிடாதீர்கள், கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு போங்கள்.