காரணமா, காரணியா?

கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்த அம்மா என்னிடம் கேட்டார்: “தம்பி, நான் தேத்தண்ணிக்குச் சீனியே போடுறேல்லை. எனக்கு எப்பிடிச் சலரோகம் வந்தது?” விசாரித்தால், பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கிறாராம்! அதுவும் பெரும்பாலும் சீனிதான். அதை விடுவோம். ஒரு நோய்க்கு ஒரே ஒரு காரணம் என்று அவர் நினைத்ததில்தான் சிக்கல்.

பழி சீனிப்போத்தலில் விழுந்ததற்குச் ‘சீனி வருத்தம்’ என்ற பேச்சுவழக்கும் ஒரு காரணம். சலரோகம், நீரிழிவு என்ற பழைய பெயர்களில் சீனியே இல்லை. யாழ்ப்பாணத்தில் சலம் என்றால் சிறுநீர், அதனால் சலரோகம். நீரிழிவில் வரும் ‘இழிவு’ கேவலம் அல்ல, கீழே இறங்குதல். ‘டயபிட்டிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கும் ஊடாகக் கடந்து போவது என்றே பொருள். எல்லாம் ஓயாமல் சிறுநீர் போவதைப் பார்த்து வைத்த பெயர்கள்.

சரி, காரணி? கணக்குப் பாடத்தில் 12இன் காரணிகள் 2, 3, 4 என்று படித்தோமே, அதே சொல்தான். காரணம் தனியாள்; காரணி கூட்டாளி. நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுவதைச் சொல்லும் ‘ரிஸ்க் ஃபாக்டர்’ மருத்துவத்தில் பரவியது 1961இல் அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் இதய ஆய்வுக் கட்டுரை வந்த பிறகு. அதை ‘ஆபத்துக் காரணி’ என்கிறோம். ஆபத்து என்றதும் நோய் வந்துவிட்டதாகவே சனம் பயப்படும். எனக்கு ‘இடர்க்காரணி’ பிடிக்கும். பழந்தமிழில் இடரும் துன்பம்தான் என்றாலும், இன்று ‘வரக்கூடும்’ என்ற சாயல் அதில் ஏறிவிட்டது. தாய் தகப்பனுக்கு இருந்தது, வயது, பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது சீனி ஏறியது, பிறஷர், புகை எல்லாம் இதில் அடக்கம். வயிற்றுக் கொழுப்பைத்தான் நாங்கள் கவனிப்பதில்லை. தெற்காசிய ஆணுக்கு இடுப்புச் சுற்று 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. எல்லை. தாதி நாடா பிடித்தபோது அந்த அம்மாவுக்கு 94.

மறுபக்கத்தில் இருப்பது ‘பாதுகாப்புக் காரணி’. ‘காப்புக் காரணி’ என்றாலே போதும். எங்களுக்குக் காப்பு கையில் போடுவது. அந்தச் சொல்லின் முதல் அர்த்தம் காவல். தவிடு போகாத சிவப்பரிசி, தாய்ப்பால் கொடுத்தது (தாய்க்கும் காவல்), உடல் உழைப்பு எல்லாம் காப்புகள். நீரிழிவின் விளிம்பில் நின்றவர்களிடம் அமெரிக்காவில் செய்த ஆய்வொன்றின் முடிவு 2002இல் வந்தது: உணவைத் திருத்தி, எடை குறைத்து, வாரம் 150 நிமிடம் நடந்தவர்களிடம் நோய் வருவது 58 வீதம் குறைந்தது; நீரிழிவுக்குக் கொடுக்கும் மெட்ஃபோமின் குளிசையால் குறைந்தது 31 வீதம்தான். அந்த 150 நிமிடத்தை ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை. பின்னேரம் நல்லூர்க் கோயில் வீதியைக் கைவீசிச் சுற்றினாலும் கணக்கில் சேரும்.